வண்டி தானாக நகரவில்லை

ஜோயல்,

நலமா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரியும். மாமாவின் அடக்கம் முடிந்த கையோடு ஸ்கூடாயில் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டாய். மாதக் கடைசியில் வேலைக்கு ஆஸ்திரேலியா, பெர்த்துக்கு விமானம் ஏறப்போகிறாய் என்பதுகூட உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அனுப்பும் வாட்சாப் செய்தி எதையும் நீ திறப்பதில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். யாராவது ஒருவர் உன் முகத்துக்கு நேரே நீட்டுவார். மாமாவை இழந்து நிற்கும் ரீத்தா அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி, அப்பவாவது படிப்பான்" என்றார். இன்னொரு காரணமும் உண்டு. ஜொகூரில் படகு இழுக்கிறவர்கள் பலர் இப்போது ஹைபிரிட் பிக்கப் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

எனக்கு நாற்பது வயது, உனக்கு இருபது. சேர்ந்து போனால் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். உட்கார்ந்து நிதானமாகப் புத்தி சொல்லும் அப்பாவாக நான் எப்போதுமே இருந்ததில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன் வேலை. ஒன்று ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்குள் நாலு பேர் கதை சொன்னால் எரிச்சல் வரும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். நீ ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே முடிவை நான் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தில் அப்படிச் செய்யாமல் இருக்க முயற்சி செய்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லத்தான் போகிறேன், அதற்கு உன்னைத் தயார் செய்யவும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நீ அம்மாவோடு போனில் பேசினாய். அவள் அடுப்படியில் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே போய் என்ன வண்டி வாங்குவாய் என்று கேட்டாள். வேலைக்கு ட்ரெய்லர் இழுக்க வேண்டியிருக்கும், பெட்ரோலோ டீசலோ கிடைத்ததை எடுப்பேன் என்றாய். பிறகு சொன்னாய்: "ஹைபிரிட் மட்டும் வேணாம்மா. அது தானா நகரும்." உன் அம்மா வெந்துவிட்ட குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றாள். நான் உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்ன அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

வண்டிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் சுலபம். எந்த இன்ஜின் நல்லது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதே. எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், மேடா சமதரையா, தினமும் இழுக்கப் போகிறாயா வாரத்துக்கு ஒரு தடவையா, இதையெல்லாம் கேட்காமல் பதில் சொல்கிறவன் வண்டி விற்கிறவனாகத்தான் இருப்பான். நாம் மூன்றையும் வைத்திருந்தோம். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அருள் மாமாவும் நானும் சேர்ந்து ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வாங்கினோம். கெலாங் பாத்தா படகுத் துறையில், தூண்டில் போடப் போகிறவர்களின் படகுகளைத் தண்ணீரில் இறக்கி, ஏற்றி, வீட்டுக்கோ பட்டறைக்கோ இழுத்துக் கொடுப்பது மாமாவின் தொழில். ஷிப்ட் இல்லாத நாளில் நானும் போவேன், உன்னையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு. பாசி பிடித்த சரிவில், பாதி தண்ணீருக்குள் நிற்கும் ட்ரெய்லரை மேலே இழுக்க அந்தப் பெட்ரோல் இன்ஜினை அலறவிட வேண்டும். அலறவிட்டால் சக்கரம் வழுக்கும், கிளச் தீயும். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு என்னமோ எரியுது என்பாய். "அது உங்கப்பா படிச்ச படிப்பு மருமவனே, பயப்படாத" என்பார் மாமா. லேசான சுமைக்கு, பட்டணத்து ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. நாள் முழுக்கக் கனம் இழுக்க அது லாயக்கில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் டீசல். உன் மாமாவுக்கு அந்த வண்டிதான் உயிர். டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே முழு பலத்தையும் கொடுத்துவிடும். பெரிய படகோடு மெர்சிங் போகிற பாதையில், மேட்டில் ஏறும்போது அது அவசரப்படாது. இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சுட வைக்க வேண்டாம். புகையும் அதிகம், உலுக்கலும் அதிகம். டீசல் விலை ஏறிய பிறகு மாமா எண்ணெய் போடும்போது மீட்டரைப் பார்க்க மாட்டார். உன்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கடலைப் பாக்கெட் வாங்கப் போய்விடுவார். ஆனாலும் வண்டியை மாற்ற மனமில்லை. தூரமும் கனமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் நான் டீசல் என்றுதான் சொல்வேன்.

இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் உன் யோசனை. தொழிற்கல்லூரி முடித்து நீயும் மாமாவோடு சேர்ந்துகொண்டாய், இரண்டாவது வண்டி தேவைப்பட்டது. மாமாவுக்கு விருப்பமில்லை, நான் உன் பக்கம் பேசினேன். நான் சொன்ன காரணங்கள் இன்றும் சரிதான். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். படகுத் துறைக்கு அதைவிடப் பொருத்தமான இழுவை கிடையாது. முதல் நாள் நீ இழுத்தபோது சக்கரம் வழுக்கவில்லை, சத்தம் இல்லை, படகு அதுபாட்டுக்கு மேலே வந்து நின்றது. "அலமாக், பேய் இழுக்குற மாதிரி இருக்குலா" என்று மாமா சிரித்தார். அதன் குறையையும் சொன்னேன். நீண்ட மேட்டில் கனத்தோடு ஏறினால் பேட்டரி தீர்ந்துபோகும், பிறகு சின்ன இன்ஜின் தனியாகத் திணறும். பேட்டரியின் எடையே சுமையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று, அதற்குத்தான் வருகிறேன்.

படகுத் துறையில் பேசிக் காரியம் ஆகாது. சுற்றிலும் படகு இன்ஜின்கள் கத்தும், கூப்பிட்டால் கேட்காது. அதனால் மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ட்ரெய்லரை மாட்டுவதற்கு வண்டி பின்னால் வந்து நின்றதும், வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் உடனே நுழைய மாட்டார். பக்கத்தில் நின்று, பிக்கப்பின் பின்பலகையில் உள்ளங்கையை வைப்பார். டீசல் இன்ஜின் ஓடினால் தகரம் முழுக்க நடுங்கும். ஓட்டுகிறவன் சாவியைத் திருப்பி அணைத்ததும் நடுக்கம் நின்றுவிடும். நின்றால்தான் குனிந்து உள்ளே போவார். ஆஃப் பண்ணிட்டியா என்று கேட்கத் தேவையில்லை, ஆமாம் என்று கத்தத் தேவையில்லை. உனக்கும் அதையே பழக்கினார். துறையில் மற்றவர்களும் அவரைப் பார்த்துச் செய்தார்கள். நல்ல வழக்கம். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் விரல் நசுங்கியதுகூட இல்லை.

பாலோவில் உன் அம்மாவும் மாமாவும் பிறந்த தோட்டத்துச் சிற்றாலயத் திருவிழா உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சப்பரத்தைத் தோளில் தூக்க அங்கே ஆட்கள் இல்லை, எல்லாரும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் நம்முடைய தட்டையான படகு ட்ரெய்லர் மேல் சப்பரத்தைக் கட்டி, மாமாவின் டீசல் வண்டி நடை வேகத்தில் இழுத்துப் போகும். பின்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள். டீசல் வண்டியை அந்த வேகத்தில் ஓட்டினால் புகை முழுவதும் அவர்கள் முகத்தில்தான். இந்த வருஷம் ரீத்தா அத்தை மாமாவிடம் சொன்னார்: "செபம் சொல்றதா, இருமுறதா? பையனோட புது வண்டியக் கொண்டாங்க. அதுதான் புகையே இல்லியே." எல்லாருக்கும் அது சரியாகப்பட்டது. எனக்கும்தான்.

அன்று மத்தியானம் நடந்ததை இதுவரை நான் உன்னிடம் பேசியதில்லை. நான் ஜெனரேட்டர் பக்கத்தில் விளக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்தாய். மாமா கையைக் காட்டினார், நீ நிறுத்தினாய். அவர் பின்பலகையில் உள்ளங்கையை வைத்தார். எப்போதும்போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தலையை ஆட்டிவிட்டு, கொக்கியைத் தூக்கக் குனிந்து நடுவில் போனார். உன் பக்கத்துக் கதவு திறந்தது, அவருக்குக் கை கொடுக்க நீ இறங்கப் பார்த்தாய். வண்டி பின்னால் நகர்ந்தது. ஒரு முழம்கூட இருக்காது. ட்ரெய்லருக்குக் கட்டை கொடுத்திருந்தோம், அதன் மேல் சப்பரத்தின் கனம், அது அசையவில்லை.

நான் ஓடிவந்து வண்டியை முன்னால் எடுத்தேன். நீ மாமாவின் தலையை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்திருந்தாய். குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. வண்டி தானா நகர்ந்துச்சு என்று நீ போலீசிடம் சொன்னாய், அம்மாவிடம் சொன்னாய், அடக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் சொன்னாய். கம்ப்யூட்டர் வண்டி அப்படித்தான், நம்பக்கூடாது என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கதை சேர்த்தார்கள். வண்டியைப் பரிசோதித்தவர்கள் பழுது ஒன்றும் இல்லை என்றார்கள். நம் வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் உட்பட. போலீஸ் அதை விபத்து என்று முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தது, அதை வீட்டுப் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

மூடி வைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு இயந்திரம் தானாக நகர்ந்தது என்றால் ஏன் நகர்ந்தது என்று தெரியாமல் என்னால் சாப்பிட முடியாது, நான் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை காலை தார்ப்பாயை எடுத்தேன். பின்னால் பழைய டயர்களை அடுக்கினேன். ரிவர்ஸில் கொண்டுபோய் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். இன்ஜின் தானாக அடங்கியது. ஹைபிரிட் அப்படித்தான் செய்யும், எண்ணெயை மிச்சம் பிடிக்க. ஆனால் வண்டி அணையவில்லை. மீட்டரில் ஒரு சின்னப் பச்சை எழுத்து, தயார் என்று. பகல் வெளிச்சத்தில் தேடினால்தான் கண்ணில் படும். கதவைத் திறந்தேன், மணி மாதிரி ஏதோ கீச்சிட்டது. ஜெனரேட்டர் பக்கத்தில் அது கேட்கவே கேட்காது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். மோட்டார் சத்தமில்லாமல் வண்டியைப் பின்னால் தள்ளியது. டயர்கள் சரிந்தன. திரும்ப அடுக்கினேன். திரும்பவும் அதேதான். எத்தனை தடவை செய்தாலும் அதேதான். அது பழுதில்லை ஜோயல். அந்த வண்டியைச் செய்தவர்கள் அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று பார்க்க வேண்டியிருந்தது. என் கால் பிரேக்கில் இருக்கும்போது நானே பின்பலகையில் கை வைத்துப் பார்க்க முடியாது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவளைக் கூப்பிட்டிருக்கக்கூடாது, ஆனால் வேறு யாரும் இல்லை. பக்கவாட்டில் தள்ளி நின்று கையை மட்டும் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நடுக்கம் தெரியுதா என்று உள்ளேயிருந்து கேட்டேன். "ஒன்னுமே தெரியல. செத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள். கையை எடுத்து, அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள். அவளுடைய அண்ணன் கடைசியாகத் தொட்டுப் பார்த்து நம்பியதை அவளும் தொட்டுப் பார்த்தாள். அதை நான்தான் செய்ய வைத்தேன்.

எனவே சொல்கிறேன். வண்டி தானாக நகரவில்லை. நீ பிரேக்கிலிருந்து காலை எடுத்தாய். மற்ற நாட்களில் துறையில் அழுத்தியிருப்பாய், அன்று வண்டியை அணைக்கும் பட்டனை நீ அழுத்தவில்லை. இன்ஜின் நடுக்கம் அடங்கியதும் அணைத்துவிட்டோம் என்று உன் கால் நம்பிவிட்டது, ஏனென்றால் டீசலில் நடுக்கம் அடங்கினால் சாவியைத் திருப்பிவிட்டாய் என்றுதான் அர்த்தம். மாமாவின் கையும் அதையேதான் நம்பியது. இரண்டு பேரும் பழகினதைச் சரியாகத்தான் செய்தீர்கள், ஆனால் வேறொரு வண்டிக்கு. பாசிர் கூடாங்கில் ஒரு பம்ப்பைத் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியை என் பையில் வைத்துக்கொள்வேன். ஓடாமல் நிற்பதாலேயே ஒன்று அணைந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அதை நான் தினமும் செய்கிறேன். வீட்டில் உங்கள் இருவருக்கும் சொல்லவில்லை. இழுவையைப் பற்றிச் சொன்னேன், பேட்டரியின் எடையைப் பற்றிச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. அது என் பங்கு. அதனால் உன் பங்கு குறையும் என்று சொல்ல மாட்டேன்.

உன் அம்மாவுக்கு இதை எழுதுவதில் சம்மதமில்லை. "விடுங்க. சின்னப் பிள்ள. தானா நகர்ந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டாவது நிம்மதியா போகட்டும்" என்றாள். உண்மையைச் சொன்னால் நான் விட்டிருப்பேன். எனக்கும் அதுதான் வசதி. நீ விமானம் ஏறுவாய், வருஷங்கள் போகும், வண்டி கெட்ட வண்டி என்று ஆகிவிடும், இரும்புக்கு வலிக்காது. நீ நிம்மதியாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நிம்மதியாக இருக்கிறவன் தாய்மாமன் வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டான், முப்பதாம் நாள் பூசைக்கு நம் ஊர்க் கோவில் வாசல் வரை வந்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போக மாட்டான். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. ஆனாலும் விட்டிருப்பேன். ரீத்தா அத்தையைப் பார்க்கப் போனதால்தான் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பாலோவுக்கு, மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை மெலிந்துபோயிருக்கிறார். திருவிழாவுக்குப் பிறகு சிற்றாலயத்துக்கே போகவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமா இறந்த துக்கம் என்று நினைத்தேன். மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தோட்டத்தைப் பற்றி, மழையைப் பற்றி ஏதோ பேசினோம். எனக்குத்தான் பொறுமை இல்லையே, கோவிலுக்கு ஏன்க்கா போறதில்ல என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு தம்பி போறது" என்றார். "அவரு டீசல் வண்டியத்தான் கொண்டு வர்றேன்னாரு. புகையா இருக்குன்னு சொன்னது நானு. அந்தக் கெட்ட வண்டியக் கேட்டு வாங்கி அவரு பின்னாடி நிப்பாட்டுனது நானு. ரெண்டு மணி நேரம் இருமியிருந்தா என்ன, செத்தா போயிருப்பேன்?"

உனக்குப் புரிகிறதா? தானா நகரும் வண்டி என்று நீ சொன்னாய். உனக்கு அது ஒரு மறைவிடம். அவருக்கு அது வேறு. தானாக நகரும் வண்டியைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டது யார் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ வண்டி மேல் இறக்கி வைத்த பாரம் வண்டியில் தங்கவில்லை, பாலோவில் அந்த வீட்டுக்குள் போய் அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. நீ இதை நினைத்துச் செய்யவில்லை. உனக்கு அது தெரியவே தெரியாது, நீதான் அந்தப் பக்கம் போவதே இல்லையே.

நான் சொல்லிவிட்டேன். டயர் அடுக்கியது, பச்சை எழுத்து, உன் கால், மாமாவின் கை, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். நான் சொல்கிற விதம் உனக்குத் தெரியும், பம்ப் பழுதானதை மேலாளரிடம் சொல்வதுபோல. பாதியில் வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அத்தை மைலோ கோப்பையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அப்ப வண்டி கெட்ட வண்டி இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "வேற யாரு ஓட்டியிருந்தாலும் இப்படி ஆயிருக்குமா?" டீசலில் பழகின கையும் காலுமாக இருந்தால், நான் ஓட்டியிருந்தாலும் ஆகியிருக்கலாம் என்றேன். அது உண்மை, ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான் ஆறுதலுக்காகப் பேசுகிறவன் இல்லை என்று அவருக்கும் தெரியும். அழுதார். அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் மைலோவைக் குடித்து முடித்தேன்.

அவர் உன்னைத் திட்டவில்லை. ஏன் மறைத்தான் என்றும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் கிளம்ப எழுந்தபோது வாசலில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு ஜோயல் மடியிலதானே இருந்தாரு. கடைசியா என்ன சொன்னாருன்னு உங்ககிட்ட சொன்னானா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நீ எல்லாரிடமும் சொன்னாய். அதையே அத்தையிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வண்டியை முன்னால் எடுத்துவிட்டு நான் இறங்கி ஓடி வந்தபோது உன் காது மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவர் உதடு அசைந்தது. நீ தலையை ஆட்டினாய், இல்லை இல்லை என்பதுபோல. பிறகு ஆமாம் என்பதுபோல. ஒன்றும் சொல்லாதவருக்கு ஒருவன் அப்படித் தலையாட்ட மாட்டான். அன்றிலிருந்து எனக்கு அது தெரியும். ஏன் மறைக்கிறாய் என்பதும் இப்போது ஓரளவு புரிகிறது. அவர் சொன்னதைச் சொன்னால் வண்டி அணைந்திருந்ததா இல்லையா என்ற பேச்சும் கூடவே வெளியே வந்துவிடும் என்று பயந்திருப்பாய். ஏன்டா அணைக்கலை என்று கேட்டிருக்கலாம். உன்னைத் திட்டியிருக்கலாம். ஒன்றுமில்லை மருமவனே பயப்படாத என்று சொல்லியிருந்தாலும் அது உனக்குத் திட்டைவிட மோசமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியாததைச் சொல்ல முடியாது. அவன் வந்து சொல்வான்க்கா என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. எப்போதும்போல நீ பேசுவதற்கு முன்னால் முடிவை நான் சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

வண்டியைப் பற்றி ஒரே ஒரு வரி. பெர்த்தில் எதை வேண்டுமானாலும் வாங்கு, ஹைபிரிட் என்றாலும் சரி. இறங்குவதற்கு முன்னால் கையால் அணை, ஹேண்ட்பிரேக்கை இழு, நடுவில் போகிற ஆளிடம் அணைச்சாச்சு என்று வாய்விட்டுச் சொல், அவரும் சொல்லட்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் இயந்திரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

விமானத்துக்கு முன்னால் பாலோவுக்குப் போ. பஸ்ஸில் போ, மோட்டார் சைக்கிளில் போ, என்னைக் கூப்பிட்டால் நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன், வாசலுக்கு வெளியே நிற்கிறேன். அத்தை எதிரில் உட்கார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததை நான் சொல்லிவிட்டேன், அதை நீயும் உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிடு. அதற்குப் பிறகு மாமா கடைசியாக என்ன சொன்னார் என்பதைச் சொல். எந்த வார்த்தையையும் மாற்றாதே, மென்மையாக்காதே, அவர் பேசினபடியே சொல். அது திட்டாக இருந்தாலும் அத்தையின் புருஷன் பேசின பேச்சு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்குச் சேர வேண்டியது, இருபது வயதுப் பையனின் தொண்டையில் இத்தனை நாளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதோடு நீ கடல் தாண்டிப் போனால் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே செத்துப்போவார்.

வெளியே வந்ததும் அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். உன் அம்மாவும் கேட்க மாட்டாள், அவளிடம் பேசிவிட்டேன். அது எங்களுக்கு வேண்டாம். அத்தையிடம் மட்டும் சொல்.

அப்பா